முப்பது மில்லி ரசம்

என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து வைத்த இரண்டாம் நாள், மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தார். இருமல் மருந்து பாட்டிலின் தலையில் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அந்தக் குப்பி. "முப்பது மில்லி தண்ணி இருக்கு. கால் மணி நேரம் வச்சுக் குடிக்கணும். அவசரப்படாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நூற்று முப்பத்தெட்டு கிலோ மனிதன். கோடையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பவன். எனக்கு ஒரு மூடித் தண்ணீர், அதற்குக் கால் மணி நேரம். ஒரே மடக்கில் விழுங்கினேன்.

அது நெஞ்சுக்குழியில் போய் நின்றுகொண்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. அப்புறம் முப்பது மில்லியும் வட்டியோடு திரும்பி வந்து நர்ஸின் செருப்பில் விழுந்தது. அவர் அசையாமல் நின்று பார்த்துவிட்டு, "இப்பப் புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறேன். வெள்ளாமை செய்யும் புதூர், கயத்தாறு பக்கத்துச் சம்சாரிகள் விதை, உரம், பூச்சிமருந்து வாங்க என்னிடம் வருவார்கள். என்னைத் தெரியாதவர்களுக்கும் என் சாப்பாட்டைத் தெரியும். கல்யாண வீடுகளில் என்னை முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். மரியாதைக்காக இல்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்தால் எதிர் வரிசைக்கும் பசி வருமாம். சமையல்காரர்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி வந்துட்டாவ, இன்னொரு குத்துப்போணி சாம்பாரத் தூக்கு" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதைப் பெருமையாகவும் நினைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வரிசையில் மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது. இந்த மரியாதையை என்னைப் போல துஷ்பிரயோகம் செய்தவன் மாவட்டத்திலேயே இருக்க மாட்டான். வரிசை முழுக்க இலையை மடித்துவிட்டு, காய்ந்த கையை மடிக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் மூன்றாவது தடவை பாயசம் வாங்கி அதில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம்பிடிக்க நிற்பவர்களின் மூச்சு என் கழுத்தில் படும். அவர்கள் என்னை எப்படியெல்லாம் வைதிருப்பார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

சாப்பிட்ட சாப்பாடெல்லாம் ஐம்பத்து மூன்று வயதில் மொத்தமாக வந்து நின்றது. சர்க்கரை, மூட்டு வலி, படுத்தால் மூச்சு நின்று நின்று வருவது. கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி, யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷ் பில் போட்டேன். ஒரு நாள் ஸ்கூட்டரிலேயே தூங்கி, மில் காம்பவுண்டு சுவரில் போய் இடித்தேன். ஆபரேஷன் செய்தால் இப்படி, செய்யாவிட்டால் அப்படி என்று டாக்டர் விளக்கிச் சொன்னதெல்லாம் என் காதில் ஏறவில்லை. என் ஒரே மகள் சென்னையிலிருந்து போனில் சொன்னதுதான் ஏறியது. "அப்பா, என் கல்யாணத்துல நீங்க என்கூட நிக்கணும். சேர் போட்டு உக்கார வச்சுப் பொம்ம மாதிரிக் காட்டக் கூடாது."

கல்யாணப் பேச்சும் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. வந்த ஏழெட்டு வரன்களுக்கு உதட்டைப் பிதுக்கிய என் மகள், கயத்தாறுக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து வந்த வரனுக்கு மட்டும் தலையாட்டினாள். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அப்பா மானாவாரி விவசாயி, வீட்டில் அம்மா சொல்வதுதான் சட்டம். கார்த்திகையில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போன மறுநாள் மகள் போனில் தனியாக என்னிடம் சொன்னாள். "இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்குப்பா. எதையாவது பண்ணிக் கெடுத்துறாதீங்க."

நான் எதைக் கெடுத்திருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன். பட்டியல் நீளம் என்பதால் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சம்பந்தம் முடிவாகும் வரைக்கும் இரு வீட்டாரும் காப்பி குடிக்கலாம், பலகாரம் சாப்பிடலாம். இலை போட்டுச் சோறு சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் முடிவு செய்துவிட்டோம் என்று பொருள். அதைக் கை நனைப்பது என்போம். கூப்பிட்டு உட்கார வைத்து இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்தால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள். வாயைத் திறந்து ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவரவர் செருப்பைத் தேடுவார்கள், அவ்வளவுதான். அதுவரைக்கும் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்று அழைப்பதும் கிடையாது. அண்ணாச்சிதான், அண்ணிதான்.

கார்த்திகையில் அவர்கள் வந்தபோது பஜ்ஜியும் கேசரியும்தான். பேச்சு சுவாரசியத்தில் நான் பதினோரு பஜ்ஜி சாப்பிட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள். பையனின் அப்பாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போனது. "மனுசன்னா இப்பிடிச் சாப்புடணும். தையில நம்ம வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி, கை நனச்சிருவோம்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மார்கழியில் நல்ல காரியம் எதுவும் நடக்காது. அதனால் வயிற்றை வெட்டிக்கொள்ள அதைவிடத் தோதான மாதம் வேறு கிடையாது என்று நான் கணக்குப் போட்டேன். தை முதல் வாரத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு இருக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லவில்லை. வயிற்றை வெட்டிக்கொள்ளப் போவதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் குடலிறக்க ஆபரேஷன். குடலிறக்கம் கௌரவமான வியாதி. மூட்டை தூக்கிச் சம்பாதித்தது போல இருக்கும். தின்று தின்று முடியாமல் போய் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்பதை எப்படி வெளியில் சொல்ல? மழை பொய்த்தால் ரேஷன் அரிசியையும் வத்தல் குழம்பையும் வைத்து வருஷத்தை ஓட்டுகிற சனங்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பம். வெட்டியது வயிற்றை, வலித்தது தோள். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஊதிய காற்று வெளியேற வழி தெரியாமல் தோளில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நடந்தால்தான் கலையும் என்றார்கள். மார்கழிக் காலையில் எங்கள் தெருவில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருக்க, பஜனைக் கோஷ்டி ஒரு பக்கம் போக, நான் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்துக்குத் தலையணை. ஊரே பெருமாளைத் தேடி நடந்தது. நான் ஒரு ஏப்பத்தைத் தேடி நடந்தேன். ஆறாம் நாள் அது வந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா புள்ளியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தரிசனம் கிடைத்த மாதிரிதான் இருந்தது.

வலியைக்கூடச் சமாளித்துவிடலாம். குமட்டலோடுதான் மல்லுக்கட்ட முடியவில்லை. வலிக்கு ஒரு இடம் உண்டு, அங்கே கையை வைத்துக்கொள்ளலாம். குமட்டல் மூக்கு வழியாக வரும், கண் வழியாக வரும், மற்றவர்கள் பேச்சு வழியாகவும் வரும். "இன்னைக்கு எங்க வீட்ல முட்டக் குழம்பு" என்று ஒருவர் போனில் சொல்ல, நான் வாளியைத் தேடினேன். இரண்டு தெரு தள்ளிக் கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுவார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் முன்பெல்லாம் நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன். இப்போது இழுத்துச் சாத்தினேன். வீட்டில் வெங்காயம் வதக்கக் கூடாது, கடுகு தாளிக்கக் கூடாது, சோறு வடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தடை போட்டேன். என் மனைவி இரண்டு வாரம் பக்கத்து வீட்டு அடுப்பில் தனக்குச் சமைத்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

வாந்தி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கீறிய எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்க மாட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு போனில் மூன்று நிமிஷம் அலாரம் வைப்பேன், அடித்ததும் அடுத்த வாய். பத்து நாள் கழித்து ஒரு மணி நேரம் கடைக்குப் போனேன். ஆச்சரியம், பூச்சிமருந்து நெடி மட்டும் என்னை ஒன்றும் செய்யவில்லை. வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப எஞ் சமையல விட வெசம் தேவலையாக்கும்?" என்றாள்.

விசாரிக்க வந்தவர்களைச் சொல்லி முடியாது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். ரொட்டி, சாத்துக்குடி, சத்துமாவு பாட்டில் என்று முன்னறை ஒரு பலசரக்குக் கடையாகிவிட்டது. வந்து உட்கார்ந்து, குடலிறக்கத்தில் செத்துப்போனவர்களின் வரலாற்றைச் சொல்லிவிட்டு, "நல்லாச் சாப்புடுங்க, ஒண்ணும் செய்யாது" என்று முடிப்பார்கள். பக்கத்து இரும்புக்கடை பாய் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. முப்பது வருஷமாகப் பக்கத்துக் கடை, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் போவோம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடலெறக்கத்துக்கு இம்புட்டு எளைக்குமா ஓய்?"

"எளைக்கும் பாய்."

"எம் மச்சானுக்கும் பண்ணுச்சு. அவன் ரெண்டு கிலோ கூடல்லா போனான்?" என்றார். நான் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி வேறு பேச்சை எடுத்தேன்.

தைப்பொங்கலுக்கு என் பங்கு, கரைத்த பருப்பில் மூன்று டீஸ்பூன். கூழ் போல அரைத்ததை மட்டும்தான் தொட வேண்டும், சோறு கூடவே கூடாது, இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்று டாக்டர் போனில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் இலை போட இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. தள்ளிப் போட முடியாது. பையனின் லீவு முடிகிறது, அடுத்து அவன் எப்போது வருவானோ. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் மனைவி. "ஏட்டி, ரெண்டு வாய் சாப்புடுத மாதிரி நடிச்சா முடிஞ்சுபோகும், அம்பது வருசம் சாப்புட்டவனுக்கு இது தெரியாதா?" என்றேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அந்தப் பிளாஸ்டிக் குப்பியைக் கழுவித் துடைத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து இருபத்து மூன்றாம் நாள். பதினைந்து கிலோ குறைந்திருந்தேன். பழைய சட்டைக்குள் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகலாம் போல இருந்தது. தைக்க நேரமில்லாமல் வேட்டியை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டேன். பாயின் காரில் நானும் மனைவியும் அவரும் போனோம். நாலுவழிச் சாலையில் லாரிகளின் டீசல் புகை, அதைத் தாண்டினால் காடு முழுக்கப் பூத்த கொத்தமல்லி வாசம். இரண்டுமே எனக்கு ஒன்றுதான். வாயை இறுக மூடிக்கொண்டு காற்றாலைகளை எண்ணிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் பையனின் அப்பா என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் சிரிப்பை மறந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, பாதியா வருதீங்க?" என்றார். குடலிறக்கம் என்றேன். "அப்பிடியா?" என்று தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா என் கழுத்தில் தொங்கிய சதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ மழையைப் பற்றி, உளுந்து விலையைப் பற்றிப் பேசினேன்.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எதிரெதிராக இரண்டு வரிசையில் பதினெட்டு இலை. எனக்கு நடுவில் இடம், ஒரு பக்கம் பையனின் அப்பா, மறுபக்கம் இரும்புக்கடை பாய். என் பெருமை முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அரை இலை போட்டிருந்தார்கள், எனக்கு மட்டும் தலைவாழை இலையை முழுசாகப் போட்டிருந்தார்கள். பருப்பு, நெய், அவியல், இரண்டு பொரியல், அப்பளம், வடை. பையனின் அம்மா தன் கையாலேயே எனக்குச் சோறு வைத்தார். வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். நெய்யின் ஆவி மூக்கில் ஏறியது. எலுமிச்சம்பழம் சட்டைப் பையில் இருந்தது, எடுக்க முடியாது.

நடித்தேன். சோற்றை இலையின் நாலு மூலைக்கும் பரப்பினேன். அப்பளத்தை ஒடித்து ஒளித்து வைத்தேன். பிசைந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன். விரல் நுனியால் பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வாய் நிறைய இருப்பது போலத் தாடையை ஆட்டினேன். அவ்வளவு கேவலமாக நான் என் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. சாப்பிடுவது போல நடிக்க, சாப்பாட்டில் ஆசை இல்லாதவனால்தான் முடியும் போலிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, கோழி கொத்துத மாதிரி கொத்துதீங்க?" என்றார் பையனின் அப்பா.

எதிர் வரிசையில் கைகள் நின்றன. பையனின் அம்மா சாம்பார் வாளியோடு என் முன்னால் வந்து நின்றார். "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையோ?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அடுப்படி வாசலில் என் மனைவியின் முகம் வெளுத்திருந்தது. எனக்கு என் மகளின் குரல் கேட்டது. கெடுத்துறாதீங்கப்பா.

மூன்று உருண்டை. ஒன்றன்பின் ஒன்றாக, பழைய மனிதனைப் போல, நன்றாக உருட்டி உள்ளே தள்ளினேன். "பிரமாதம்" என்றேன். பையனின் அப்பா சிரித்தார். பாய் மட்டும் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

நெஞ்சுக்குழியில் கட்டைவிரல் வந்து அழுத்தியது. முதுகு வரைக்கும் போனது. வாயில் நுரை. எழுந்தேன். பந்தியின் நடுவில், நடு இலையில், பெண்ணைப் பெற்றவன் எழுந்துவிட்டான். யாரையோ மிதித்து, எதையோ தட்டிவிட்டு, புழக்கடைக்கு ஓடி, துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுச் சோறு மூன்று உருண்டையையும் அவர்கள் மண்ணிலேயே கொட்டினேன். கரிசல் மண்ணில் வெள்ளைச் சோறு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது பையனின் அம்மா செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார். அவர் பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் பாய். கோபத்தை எதிர்பார்த்தேன். அந்த அம்மா அழுவது போல இருந்தார்.

"அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லுங்க. பெரிய சீக்கா?" என்றார். "எங்க அண்ணனும் இப்பிடித்தான் ரெண்டு மாசத்துல பாதியாப் போனான். கேட்டா அல்சர்னு சொன்னான். திங்கதெல்லாம் வெளிய வந்துச்சு. அவன் மக கல்யாணத்தப் பாக்காமலே போயிட்டான். உங்களுக்கு ஒண்ணுன்னா அந்தப் பிள்ள தானே தவிச்சுப்போய் நிக்கும்? எங்ககிட்ட எதுக்கு மறைக்கீங்க?"

நான் கௌரவம் என்று நினைத்துக் கட்டிய பொய், அந்த அம்மாவுக்கு அவர் அண்ணனின் சாவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சொல்லாமல் போனால் சம்பந்தம் போய்விடும். சொன்னால் மானம் போய்விடும். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சொன்னேன். சீக்கு எதுவும் இல்லை. தின்றேன், ரொம்பத் தின்றேன், நிறுத்த முடியவில்லை, அதனால் டாக்டரிடம் போய் வயிற்றை வெட்டிக்கொண்டேன். மகள் கல்யாணத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக.

யாரும் நம்பவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினேன். சம்பந்தம் பேச வந்த வீட்டின் புழக்கடையில், முருங்கை மரத்தடியில், ஐந்து தழும்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அடுப்படி ஜன்னலில் பெண்களின் தலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

பையனின் அப்பா குனிந்து தழும்புகளை உற்றுப் பார்த்தார். உளுந்தில் பூச்சி பார்ப்பது போலப் பார்த்தார். "அப்போ, சாப்புடாம இருக்கதுக்கு ஆப்பரேசனா?" என்றார்.

"ஆமா."

"காசு குடுத்து?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. புதூர்ல நம்ம சொக்காரன் ஒருத்தன் ஆட்டுக் கிட போடுதான். மூணு மாசம் ஆட்டுக்குப் பின்னால பத்திவிட்டிருந்தா தன்னால எளைச்சிருப்பீங்க" என்றார்.

முதலில் சிரித்தது ஜன்னல்தான். அப்புறம் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. "முப்பது வருசமாப் பக்கத்துக் கடை. எங்கிட்டயும் குடலெறக்கமா ஓய்?" என்றார். இன்றுவரை அதை அவர் சொல்லிக்காட்டுகிறார். காட்டட்டும்.

"சரி, எலைக்கு வாங்க" என்றார் அந்த அம்மா.

கூடத்துக்குத் திரும்பினால், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் பாதியில் ஓடினேனே தவிர முடிக்கவில்லையாம். நான் முடிக்காமல் அவர்கள் எப்படி எழுந்திருப்பது? பதினைந்து பேரும் கையை மடிக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பருப்புச் சோறு விரல்களில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

என் இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்கள். சின்ன இலை. என்ன சாப்பிடலாம் என்று அந்த அம்மா கேட்க, தெளிவாக, காரமில்லாமல், மெதுவாக என்று என் மனைவி சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா ரசத்தைக் கலக்காமல் மேலாகத் தெளிவை மட்டும் இறுத்து, வெந்நீர் விட்டு, அதில் நிரப்பிக் கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தார். பச்சை இலையில் ஒரு மருந்து மூடி. வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். பொறுத்தோம். எல்லாரும் பொறுத்தார்கள்.

பிறகு ஒரு வாய் குடித்தேன். போனில் மூன்று நிமிஷம் வைத்தேன். மணி அடித்தது. அடுத்த வாய். பதினேழு பேர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாயும் இறங்கியதும் நான் தலையாட்டுவேன், வரிசை மூச்சு விடும். எத்தனையோ பந்திகளில் எத்தனையோ பேரைக் கை காயக் காக்க வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அது உறைத்ததில்லை. அன்றைக்கு ஒரு மூடி ரசத்துக்காக அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அழுதால் குமட்டும் என்பதால் அடக்கிக்கொண்டேன். ரசம் இறங்கியது. நெஞ்சுக்குழியில் நிற்காமல், வலிக்காமல், மெல்ல, சூடாக இறங்கியது.

ஆறாவது மணி அடித்தபோது பையனின் அப்பா தன் காய்ந்த கையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் அடுத்த பந்திக்கு நிற்பவர்களைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எந்திரிக்கலாமா, சம்பந்தி?"

நான் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.

"இருங்க சம்பந்தி, இன்னும் ரெண்டு வாய் இருக்கு" என்றேன்.